அகூட்டிக் குட்டியின் வளை

எண்பதுகளின் நடுவில், சுவிஸின் துன் நகருக்குப் பக்கத்தில் சிறிய விலங்குப் பூங்கா ஒன்றில் எனக்குக் கூண்டு கழுவும் வேலை. காலையில் ஹோட்டலில் கோப்பை கழுவிவிட்டு மத்தியானம் அங்கே போவேன். கூட வேலை செய்தவர் சாவகச்சேரி அண்ணை. "வேலை கிடைச்சிட்டுது, அதுக்கு உடம்புதான் கிடைக்கேல்லை" என்பார்.

அங்கே தென்னமெரிக்கக் காட்டு அகூட்டிச் சோடி ஒன்று இருந்தது. முயலளவில், வால் இருந்தும் இல்லாதது போன்ற, மெல்லிய காலுள்ள எலிச் சாதி. குந்தியிருந்து இரண்டு கையாலும் பிடித்துத் தின்னும். மிஞ்சிய கொட்டையைப் புதைக்கும், சிலதை மறந்துவிடும். காட்டில் பல மரம் முளைப்பது அந்த மறதியால்தானாம்.

ஒரு மாரிக் குளிரில் பெட்டை குட்டி போட்டது. கண் திறந்து, மயிர் மூடிப் பிறந்த குட்டி. அன்றே ஓடிப்போய் மரக்குற்றியின் கீழிருந்த வளைக்குள் புகுந்துகொண்டது. தாயோ உள்ளே போகாமல் வெளியே நின்று கரட் தின்றது.

அண்ணைக்குப் பொறுக்கவில்லை. அந்த மாதம்தான் அவர் மனைவிக்குக் கொழும்பில் பிள்ளை பிறந்திருந்தது. அகதி வழக்கு முடியும்வரை அவரால் போய்ப் பார்க்க முடியாது.

"பிள்ளை பெத்தவள் முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியமுன்னம் வெளியால திரியிறாள், பாத்தியே?"

"அவளுக்கு ஆர் அண்ணை பத்தியத்துக்குச் சரக்குக்கறி வைக்கிறது?"

"பகிடியை விடு. வாசல் ஒடுக்கம். அதுதான் உள்ளுக்குப் போகேலாமல் நிக்கிறாள்."

மண்வெட்டியால் வாசலை அகட்டிவிட்டார்.

பின்னேரம் விலங்குகளைப் பராமரிக்கும் சுவிஸ் மனுசி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். ஏசவில்லை. அகூட்டித் தாய் குட்டியின் வளைக்குள் போவதே இல்லையாம். பெரியது எதுவும் நுழைய முடியாத ஒடுக்கம்தான் குட்டிக்குக் காவல். பால் கொடுக்கத் தாய் வாசலில் வந்து கூப்பிடும். அகன்ற வளையில் குட்டி தங்காது, இந்தக் குளிரில் வேறெங்காவது ஒதுங்கினால் விறைத்துவிடும் என்றார். குனிந்து பார்த்தோம். வளை வெறுமை.

வேலை முடிந்தும் நாங்கள் போகவில்லை. வாளிகளைக் கவிழ்த்து அவற்றின்மேல் இருந்தோம். தாய் பழைய வாசலில் நின்று கூப்பிட்டது. ஒன்றுமில்லை. பிறகு சுவரோரம் போய்க் கூப்பிட்டது. கூண்டைச் சூடாக்கும் குழாய்க்குப் பின்னால், என் கைகூடப் போகாத இடுக்கிலிருந்து குட்டி வந்து பால் குடித்தது. குடித்து முடிய, திரும்பிப் பாராமல் இடுக்குக்குள் போய்விட்டது.

"தாயும் பிள்ளையும் எண்டாலும் வாயும் வயிறும் வேறை எண்டு சும்மாவே சொன்னவை?" என்றேன்.

அண்ணை எழும்பி வாளியை நிமிர்த்தி வைத்தார்.

"குரலாவது கேக்குது அதுக்கு" என்றார் பிறகு.

துன் ஸ்டேஷனுக்கு வந்ததும் அவர் கொழும்புக்குக் கதைக்க நேரே ரெலிபோன் பெட்டிக்குள் போனார். நான் கண்ணாடியில் சாய்ந்து நின்றபடியே நித்திரையாகிவிட்டேன்.