நோட்டீஸின் பின்பக்கம்

கடைசியாக எப்போது ஒரு நோட்டீஸைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தீர்கள்? பஸ் ஸ்டாண்டில் கையில் திணிப்பார்களே, அந்த மாதிரி நோட்டீஸ். பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் பார்க்கவில்லை. அதனால் என்ன ஆனது என்பதைத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் ஆறுதல் சொல்ல வர வேண்டாம்.

நான் படித்தது கெமிக்கல் இன்ஜினியரிங். தினமும் கும்பகோணத்துக்கு டவுன் பஸ்ஸில் நசுங்கிப் போய் நாலு வருஷம் படித்தேன். கேம்பஸுக்கு மூன்று கம்பெனிகள் வந்தன. மூன்றிலுமாகச் சேர்த்து என்னிடம் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி, உங்க ஹாபி என்ன என்பது. ட்ராயிங் என்றேன்.

"கடைசியா எப்ப வரஞ்சீங்க?"

ஒன்பதாம் வகுப்பில். பத்தாவது வந்ததும் பப்ளிக் எக்ஸாம் என்று சொல்லி ட்ராயிங் பீரியடில் கணக்கு வாத்தியார் வந்து உட்கார்ந்துகொண்டார். அதோடு சரி. இதை அந்தக் கம்பெனிக்காரரிடம் சொல்லவில்லை, சும்மா சிரித்தேன். அவரும் சிரித்தார். வேலை கிடைக்கவில்லை.

வீட்டில் ஒரு வருஷம் படுத்துக் கிடந்தேன். போன், சோறு, போன். அம்மா விளக்குமாறோடு வரும்போது கால்களை மட்டும் தூக்கிக் கொடுப்பேன். "இன்ஜினியர் காலைத் தூக்கிட்டாங்க, இனிமே வீடு சுத்தமாயிடும்" என்பாள்.

அப்படிப் போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வீடியோ வந்தது. எந்த ஊர் என்றே தெரியாத ஒரு பெண், பழைய பேப்பரை ஊறவைத்துக் கூழாக்கி, ஒரு பாத்திரத்தின் மேல் அப்பிக் காயவைத்துக் கூடை செய்கிறாள். அவ்வளவுதான். ஏழு தடவை பார்த்தேன். எட்டாவது தடவை எழுந்து உட்கார்ந்தேன்.

முதல் கூடைக்கு மைதாப் பசை சேர்த்தேன். நாலாவது நாள் பூசணம் பிடித்தது, ஆறாவது நாள் எலி தின்றது. வீடியோவின் கீழே யாரோ தமிழில் எழுதியிருந்தார்கள், வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துச் சேருங்கள், பூச்சி அண்டாது என்று. சேர்த்தேன்.

"ஏண்டி, சாம்பாருக்கு வெந்தயம் இல்ல, கிரைண்டர்ல எதை ஓட்டுற?"

"பேப்பரும்மா."

"பேப்பரா? மாவரைக்கிற கிரைண்டர்லயா? நாளைக்கு இட்லியில தலைப்புச் செய்தி வரும், படிச்சிக்கிட்டே தின்னு."

குண்டானைக் கவிழ்த்து, அதன் மேல் பிளாஸ்டிக் கவரைப் போர்த்தி, கூழைப் பிழிந்து பிழிந்து ஒட்டினேன். தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. விளிம்பை விரலால் இழுத்துக் கொண்டு வரும்போது ஒரு இடத்தில் கூழ் கொஞ்சம் தடித்தது, அதை அப்படியே சுருட்டி ஒரு இலை மாதிரி ஆக்கினேன். யோசித்துச் செய்யவில்லை. விரல் செய்தது. எட்டு வருஷம் எங்கே போயிருந்தது இது என்று அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலில் வைத்துவிட்டு அரைமணிக்கு ஒரு தடவை போய்த் தொட்டுப் பார்த்தேன். அன்றைக்குப் போனில் சார்ஜ் இறங்கவே இல்லை.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. டீக்கடைப் பேப்பர் தீர்ந்தது. கல்யாணப் பத்திரிகைகள் தீர்ந்தன. காலேஜ் ரெக்கார்டு நோட்டுகளை எடுத்து, ஒவ்வொரு எக்ஸ்பெரிமென்ட்டாகக் கிழித்து ஊறவைத்தேன். அந்த நாலு வருஷம் உருப்படியான ஒரு பொருளாக மாறியது அப்போதுதான். ரெக்கார்டும் தீர்ந்தது. பீரோவின் மேல் ஒரு மஞ்சப்பை இருந்தது.

பைக்குள் கட்சி நோட்டீஸ்கள். ஒரே அளவாக அடுக்கி, சணல் போட்டுக் கட்டி, இரண்டு பாச்சை உருண்டையோடு. பல தேர்தல்களின் நோட்டீஸ்கள் அவை. எங்கள் பக்கம் ஆட்சி மாறும், சின்னம் மாறும், சிரிக்கிற முகம் மாறும். உழுபவனுக்கு நிலம் என்ற வரி மட்டும் மாறாது. அப்பாவுக்குக் கட்சி என்றால் உயிர். கூட்டத்துக்கு லாரியில் ஏறிப் போய், தொண்டை கட்டித் திரும்பி வருகிற ஆள். அவருடைய அப்பா பண்ணையாளாக வேலை பார்த்த அதே நிலத்தில் நாலு மாவை, ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட, அப்பா குத்தகைக்குச் செய்கிறார். முப்பது வருஷமாக. எழுத்து எதுவும் கிடையாது, எல்லாம் வாய்வார்த்தை. நிலத்துக்காரர் குடும்பம் சென்னையில். இவ்வளவு கட்சி பார்த்தும் ஒரு சென்ட் வாங்கத் தெரியவில்லை, நோட்டீஸை மட்டும் சேர்த்து வைத்திருக்கிறாரே என்று எனக்கு எரிச்சல். அந்த எரிச்சலோடுதான் கிழித்தேன். ஒவ்வொரு முகத்தையும் சரியாக மூக்கில் பார்த்துக் கிழித்தேன். சுகமாக இருந்தது.

ஊறவைத்த தண்ணீர் மறுநாள் நீலமாக இருந்தது.

அந்த நீலத்தை எப்படிச் சொல்வது. கருநீலம் இல்லை, வானநீலமும் இல்லை. கூழுக்குள் புகை மாதிரி சுழன்று கிடந்தது. என் விரல் நகமெல்லாம் நீலம். நோட்டீஸ் கலர் என்று நினைத்தேன். அச்சு மை தண்ணீரில் கரையாது என்பது கெமிக்கல் படித்தவளுக்குத் தெரியாதா? தெரியும். பரீட்சையில் கேட்டிருந்தால் காரணத்தோடு எழுதியிருப்பேன்.

அந்தக் கூடைதான் நான் செய்ததிலேயே நல்ல கூடை. வாய் அகலம், விளிம்பில் வரிசையாக இலைகள், அடியிலிருந்து மேலே ஏற ஏற வெளிறிப் போகிற நீலம். அப்பா வயலிலிருந்து வந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தார்.

"கனமே இல்லையே பாப்பா. நீயா செஞ்ச?"

"பின்ன, பக்கத்து வீட்லேர்ந்தா திருடிட்டு வந்தேன்?"

"நீலம் எப்படிக் குடுத்த?"

"தானா வந்துச்சுப்பா."

"தானா வந்ததுதான் நல்லாருக்கு," என்றார். அவர் என்னைப் பாராட்டி எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்த அத்தையிடமும் தூக்கிக் காட்டினார்.

இரண்டு மாதம் கழித்து பைபாஸ் ரோட்டுக்கு அளவெடுக்க வந்தார்கள். மஞ்சள் பெயின்ட் அடித்த கல் ஒன்றை எங்கள் நடவுக்கு நடுவில் இறக்கிவிட்டுப் போனார்கள். நிலம் எடுத்தால் நிலத்துக்காரருக்கு இழப்பீடு கிடைக்கும். குத்தகைக்காரர் என்று தாலுகா ஆபீஸில் பேர் பதிந்திருந்தால் அவருக்கும் பங்கு, இல்லாவிட்டால் வெறுங்கை. அப்பா பேர் பதியவில்லை. பதிந்தால் நிலத்துக்காரருக்குக் கோபம் வரும், குத்தகையே போய்விடும் என்று எங்கள் பக்கம் பாதிப் பேர் பதிவதில்லை. இப்போது பதிய மனு போட்டார். சென்னையிலிருந்து பதில் வந்தது. அப்படி ஒரு குத்தகையே கிடையாது, அவர் கூலிக்கு வேலை பார்த்த ஆள் என்று.

அப்பா பதறவில்லை. சாப்பிட்டு, கை கழுவி, ஸ்டூல் போட்டு ஏறி மஞ்சப்பையை எடுத்தார். பை தட்டையாக இருந்தது. உள்ளே கையை விட்டுப் பார்த்தார். அப்புறம் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். ஒரு பாச்சை உருண்டை விழுந்து கட்டிலுக்கடியில் ஓடியது.

"இதுல இருந்த நோட்டீஸெல்லாம் எங்க பாப்பா?"

"அதுவா? கூழாக்கிட்டேன்பா."

"எத?"

"அந்த நோட்டீஸத்தான். ஏன், அடுத்த எலெக்‌ஷனுக்குப் புதுசு அடிக்க மாட்டாங்களா?"

ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. அப்படியே நின்றார்.

"பின்னாடி பாத்தியா?"

"பின்னாடி என்ன?"

பின்னாடிதான் எல்லாம். நிலத்துக்காரர் சார்பாக ஊரில் இருந்து குத்தகை நெல்லை அளந்து வாங்கியவர் ஒரு காரியக்காரர். மூன்று வருஷத்துக்கு முன் இறந்துவிட்டார். ஊரில் கட்சிக்கும் அவர்தான் பொறுப்பு. தேர்தல் முடிந்து மிச்சமாகும் நோட்டீஸ் கட்டுகள் அவர் வீட்டில் குவிந்து கிடக்கும். ரசீது புஸ்தகம் எதற்கு வீணாக என்று, ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு நோட்டீஸைத் திருப்பி, இங்க் பேனாவால், இன்னார் இத்தனை மா குத்தகைக்கு நெல் அளந்தார், பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். அப்பா முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தது கட்சியை இல்லை.

நீலம் அந்தப் பேனாவினுடையது.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து என்னை அறைந்தாள். அப்பா, "விடு, அதுக்குத் தெரியாது," என்றார். அதற்கு இன்னும் நாலு அறை வாங்கியிருக்கலாம்.

அன்று போனை எடுத்துப் பார்த்தேன். கூடையை மட்டும் நாற்பது போட்டோ. அவற்றுக்கு முன்னால் ஒரே ஒரு போட்டோ, கிழித்த துண்டுகள் பேசினில் குவிந்து கிடப்பது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன் அழகாக இருக்கிறதே என்று எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தது. அறுபது பேர் பார்த்திருந்தார்கள், பதினோரு பேர் ஹார்ட் போட்டிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று துண்டுகள் திரும்பிக் கிடக்கின்றன. ஒன்றில் 'குத்'. ஒன்றில் 'பெற்றுக்'. மூன்றாவதில் கையெழுத்தின் வால். படம் எடுத்த நானும் பார்க்கவில்லை, ஹார்ட் போட்ட பதினோரு பேரும் பார்க்கவில்லை.

விசாரணை அன்று அப்பாவோடு நானும் தாலுகா ஆபீஸுக்குப் போனேன், போனோடும் கூடையோடும். சாட்சி சொல்கிறேன் என்ற பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேரும் வரவில்லை. அவர்கள் செய்வதும் அதே நிலத்துக்காரரின் நிலம், குற்றம் சொல்ல முடியாது. யார் பயிர் செய்கிறார்கள் என்று வி.ஏ.ஓ. எழுதுகிற அடங்கலில் வருஷா வருஷம் நிலத்துக்காரர் பேரே இருந்தது. அவருடைய பையன் சென்னையிலிருந்து காரில் வந்திருந்தார்.

"நல்லாருக்கீங்களா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"இருக்கேன் தம்பி. அப்பாவுக்கு முட்டிவலி தேவலையா?"

உள்ளே தாசில்தார் மேடம், ரசீது இருக்கிறதா என்று கேட்டார்.

"இருந்துச்சுங்க," என்றார் அப்பா. "மழையில வீடு ஒழுகி போயிடுச்சுங்க."

என் பக்கம் திரும்பவே இல்லை. நான்தான் கேட்காமல் எழுந்து, மழை இல்லைங்க மேடம், நான்தான் என்று ஆரம்பித்து, போனைக் காட்டி, கூடையை மேஜை மேல் வைத்தேன். எல்லா ரசீதும் இதுக்குள்ள இருக்குங்க என்றேன். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

மேடம் கெட்டவர் இல்லை. போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இதுல யாரு பேரு இருக்கும்மா?" என்றார். இல்லை. "எந்த சர்வே நம்பர் இருக்கு?" இல்லை. கூடையைத் தூக்கி, உள்ளே ஒரு தடவை பார்த்து, மெதுவாகக் கீழே வைத்தார்.

"படிச்ச பொண்ணு. திருப்பிப் பாக்க வேண்டாமா?"

நிலத்துக்காரர் பையன் மட்டும், ஸாரி என்று சொல்லிக்கொண்டே, சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை எடுத்தார். வெளியே வரும்போது ஒரு கிளார்க் பின்னாலேயே வந்தார். ஏதோ வழி சொல்லப் போகிறார் என்று அப்பா நின்றார்.

"கூடை ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கும்மா. என் வீட்டம்மாவுக்கு இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தருவியா? இதே நீலம் வரணும்."

"வராதுங்க," என்றார் அப்பா.

பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். திருப்பனந்தாள் ரோட்டில் ஒரு இடத்தில், எதிரே வந்த டிராக்டரில் யார் போகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்.

மனு தள்ளுபடியானது. அப்பீல் போகலாம் என்றார்கள். எதை வைத்துப் போவது? அப்பா இப்போது அடுத்தவர் வயலில் தினக்கூலிக்கு வரப்பு வெட்டப் போகிறார். சென்னைப் பதிலில் என்ன எழுதியிருந்தார்களோ அதுவாகவே ஆகிவிட்டார். கூட்டத்துக்கு லாரி வந்தால் இன்னமும் ஏறுகிறார். ஏன் என்று கேட்க எனக்கு வாயில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் இதெல்லாம் எழுதியது பொய்யாகும். மனு தள்ளுபடியான அந்த வாரத்திலேயே என் விரல்கள் கூழைத் தேடின. அடுத்த கூடைக்கு மூடி வைக்கலாம், மூடியின் குமிழை நாரத்தங்காய் மாதிரி செய்யலாம் என்று, அப்பா சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கும்போது, எனக்குத் தோன்றியது. அடக்கினேன். திரும்பவும் தோன்றியது. எட்டு வருஷம் கூப்பிட்டும் வராத ஒன்று, இப்போது போ என்றாலும் போக மாட்டேன் என்கிறது. மூடி போட்ட கூடையையும் செய்துவிட்டேன், டீக்கடைப் பேப்பரில். ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கிழித்தேன். ஒரு பக்கத்திலும் ஒன்றுமில்லை.

நீலக் கூடையைக் கொளுத்திவிடலாம் என்று கொல்லைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அப்பா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"வையி அத. இருக்கறது அது ஒண்ணுதான்."

அம்மா வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய் ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். இப்போது அதில் பூண்டு இருக்கிறது.