சிக்னல் போட்டால் வைப்பர் ஆடும் பிக்கப்

எங்கள் வீட்டுப் பழைய பிக்கப்புக்குப் பிடித்த பைத்தியம் இப்படித்தான் இருந்தது. பிரேக்கை மிதித்தால் ரேடியோ வாயை மூடிக்கொள்ளும். இடது பக்கம் சிக்னல் போட்டால் முன்விளக்குகள் மங்கும், வைப்பர் ஒரு துள்ளு துள்ளிப் படுத்துக்கொள்ளும். ஒருத்தரைக் கூப்பிட்டால் இன்னொருத்தர் பதில் சொல்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். அதனால் எனக்கு அது பெரிய வியாதியாகவே தெரியவில்லை.

ராவாங் டவுனில் வேலை செய்யும் என் மகனுக்குத்தான் அது பெரிய வியாதியாகத் தெரிந்தது. பழைய இரும்பு வாங்குகிறவரிடம் பேசி முடித்துவிட்டு, அப்பாவுக்குக் கெடு வைத்தான். மூன்று வாரத்துக்குள் சரி செய்யாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலையில் லோரி வந்து பிக்கப்பைத் தூக்கிக்கொண்டு போகும்.

என் வீட்டுக்காரர் எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஈஜோக் பக்கம் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டம் ரெண்டு ஏக்கர் வைத்திருக்கிறோம். காலை ஆறு மணிக்குப் பிக்கப்பில் தோட்டத்துக்குப் போனால் மத்தியானச் சோற்றுக்குத்தான் முகம் காட்டுவார். எங்கள் கல்யாணம் இத்தனை வருஷம் நிலைத்ததற்கு அந்த ஆறு மணி நேரம்தான் காரணம். ஊரார் வேறு என்னென்னவோ நினைத்துக்கொண்டு எங்கள் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குகிறார்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆகாமல் படுத்ததும் அவர் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். முதல் நாள் ஐஸ் பெட்டியில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து, பெரிது சிறிது என்று அடுக்கினார். ரெண்டாம் நாள் நான் அரிசி களைகிற முறை தப்பு என்றார். மூன்றாம் நாள், குழம்பு தாளிக்கும்போது எனக்குப் பின்னால், எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிக்கப் போய்விட்டால் மிச்சக் காலம் முழுக்க இதுதான் என்று அப்போது எனக்கு விளங்கியது. வண்டியைக் காப்பாற்ற அவரைவிட நான்தான் அதிகமாகத் துடித்தேன்.

முதலில் பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனார். பேட்டரி செத்துவிட்டது என்றார்கள். புது பேட்டரி போட்டதும் ரெண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் வைப்பர் மறுபடியும் துள்ளியது. இன்னொரு பட்டறையில் டைனமோவைக் குறை சொல்லி அதையும் மாற்றினார்கள். புது டைனமோ போட்ட அன்றைக்கே ரேடியோ வாயை மூடியது. மகன் போனில் வீடியோ பார்த்து, இருந்த பியூஸை எல்லாம் பிடுங்கிப் புதிதாகப் போட்டான். அதற்கப்புறம் ஹாரனும் அடிக்கவில்லை. வீட்டுக்காரர் கண்ணில் பட்ட வயருக்கெல்லாம் கறுப்பு டேப் சுற்றினார். பானெட்டைத் திறந்தால் உள்ளே எல்லாருக்கும் கை கால் முறிந்த மாதிரி இருந்தது. ஆளாளுக்கு ஒரு சாமானை மாற்றினார்களே தவிர, எது கெட்டது என்று நின்று பார்த்தவர் யாருமில்லை.

கெடு முடிய ஒரு நாள் இருந்தது. சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் தள்ளிவிட, தஞ்சோங் காராங்குக்குப் புறப்பட்டோம். அங்கே வாய்க்கால் ஓரத்தில் வண்டி வயரிங் மட்டுமே பார்க்கிற வயதான மலாய்க்காரர் ஒருவர் இருப்பதாகக் கேள்வி. நானும் ஏறிக்கொண்டேன். இவரைத் தனியாக அனுப்பினால் இன்னொரு பேட்டரியோடு திரும்பி வருவார்.

அந்த மனிதர் நாங்கள் சொன்ன கதை எதையும் காதில் வாங்கவில்லை. என்னை ஓட்டுகிற இடத்தில் உட்காரவைத்து, பிரேக்கை மிதிக்கச் சொன்னார். விளக்கு மங்கியது, ரேடியோ வாயை மூடியது. மிதித்தபடியே இரு என்றார். ஒரு தடித்த வயரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் பிடித்தார். மறு முனையை வண்டியின் இரும்பில் வைத்ததுதான் தாமதம், விளக்கெல்லாம் பளீரென்று எரிந்தது. ரேடியோ பாட ஆரம்பித்தது. வயரை எடுத்தார், எல்லாம் மங்கியது. மறுபடியும் வைத்தார், எரிந்தது.

விஷயத்தை மலாயில் சொன்னார். கரண்டு போவதற்கு வழி இருக்கிறதாம், திரும்பி வருவதற்குத்தான் வழி அடைத்துக் கிடக்கிறதாம். அதனால்தான் அது கிடைத்த சந்தில் எல்லாம் புகுந்து வைப்பரை ஆட்டிவைக்கிறது. மைனஸிலிருந்து போகும் கறுப்பு வயரை விரலாலேயே தொடர்ந்து போனார். அது வண்டி உடம்பில் ஒரு பெரிய போல்டில் முடிய வேண்டும். போல்டைக் காணோம். அந்த இடத்தில் மஞ்சளும் சிவப்புமாக, சிமெண்டு மாதிரி இறுகிப்போன ஒரு கட்டி இருந்தது.

இது என்ன என்று என்னைக் கேட்டார். அது என் கைவேலை.

வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு டயர், ஸ்டீரிங், நம்பர் பலகைக்கு எல்லாம் என் வீட்டுக்காரர் பொட்டு வைப்பார். பானெட்டுக்கு உள்ளே என் பங்கு. அந்தப் போல்டு உருண்டையாக, நெற்றி மாதிரி எடுப்பாக இருக்கும். வண்டிக்கு முகம் அதுதான் என்று நானாகவே முடிவு செய்து, மற்றதற்கெல்லாம் ஒரு பொட்டு என்றால் அதற்கு மட்டும் சந்தனத்தை அள்ளி அப்பி, குங்குமம் வைத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றுவேன். பழையதைத் துடைத்தால் பாவம் என்று அதன் மேலேயே அடுத்த வருஷமும் அப்புவேன். ஈரம் உள்ளேயே தங்கியிருக்கிறது. அந்த மனிதர் சுரண்டி எடுத்தபோது அடியில் வயர் முனை பச்சைப் பச்சையாக அரித்துக் கிடந்தது.

மலாய்க்காரர் கட்டியைப் பார்த்தார். என் நெற்றியில் இருந்த பொட்டைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து என்ன என்று கேட்க, வண்டி பழசு, துருதான் என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர்.

"நான் அப்பவே சொன்னேன்ல, துருவாத்தான் இருக்கும்னு" என்றார் என் வீட்டுக்காரர். எப்போது சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மணல் தாளால் தேய்த்து, முனையை மாற்றி, இறுக்கி, கிரீஸ் பூசி முடிப்பதற்குள் அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லோரி காலியாகத் திரும்பிப் போனது. எனக்கு ஒரே குஷி. திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். அவர் நகரவில்லை.

"இந்தா புள்ள, நீயும் கெளம்பு. இனிமே தெனமும் நீதான் பிரேக்க மிதிக்கணும், மறுபடி மங்குதான்னு நான் பின்னால நின்னு லைட்டு பாக்கணும். அப்படியே தோட்டத்துக்கு வந்துரு. பேச்சுத் துணையா இருக்கும் லா."

வீட்டில் ஆறு மணி நேரம் தனியாக இருக்கத்தானே நான் இத்தனை பாடுபட்டேன். முட்டி வலி என்றேன். உட்கார்ந்து மிதிக்கிறதுதானே என்றார். சோறு யார் ஆக்குவது என்றேன். கடையில் வாங்கிக்கலாம் என்றார். வேறு வழி தெரியவில்லை.

"என்னங்க, அது துரு இல்ல. வருசா வருசம் அந்த போல்டு மேல நான்தான் சந்தனத்த அப்பி, தண்ணி ஊத்தி வண்டிய கெடுத்தேன்" என்றேன்.

வண்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் பத்திரமாகப் போட்டுக்கொண்டார். அப்புறம் பிளாஸ்கைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நீ வண்டி பக்கமே வராத" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். இன்று வரைக்கும் தனியாகத்தான் போகிறார்.