வரதராஜன் கட்டிய சுவர்

எங்கள் மனைப்பிரிவுக்கு லேக் வியூ அவென்யூ என்று பெயர் வைத்தவர் வரதராஜன். ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்கள் திரும்பும் இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர் பொய்யில்லை. மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும். சில வருஷம் ஜன்னலைத் திறக்காமலேயே, கட்டிலுக்கு அடியில் தெரியும்.

அவருடைய அப்பா இதே மண்ணில் நெல் போட்டவர். தொழிற்பேட்டை வந்ததும் பாதி நிலம் போனது. மீதியை விற்பதே மகனுக்குத் தொழிலாயிற்று. முதலில் சொந்த நிலத்தை விற்றார், பிறகு பங்காளிகளுடையதை, பிறகு யாருடையது என்று யாருக்கும் சரியாகத் தெரியாததை. கடைசி வகையில்தான் எங்கள் மனைகள் வருகின்றன. ஜன்னலில் தெரியும் அந்தச் சித்தேரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓட ஒரு கால்வாய் உண்டு. அதன் இரண்டு பக்கமும் கல் நட்டு, தென் மாவட்டங்களிலிருந்து ஷிப்ட் வேலைக்கு வந்த எங்களைப் போன்றவர்களுக்கு விற்றார். அந்தக் கால்வாயை எங்களிடம் காட்டும்போது, "பார்க் வரப்போற எடம்" என்றார்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். தன் பொய்யைத் தானே நம்பிய அபூர்வப் பிறவி அவர். எங்கள் தெருவிலேயே பெரிய வீடாகக் கட்டி, மனைவி ஏலவார்குழலியோடு குடியும் வந்தார்.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் தண்ணீர் இடுப்பளவுக்கு வந்தது. வடிந்ததும், சேறு படிந்த சோபாவை வாசலில் காயப் போட்டுவிட்டு வரதராஜன் விளக்கம் சொன்னார்.

"இது நம்ம தண்ணியே இல்ல சார். செம்பரம்பாக்கத்துல தொறந்து வுட்டாங்க இல்ல, அது."

எங்கள் பக்கத்து ஏரிகள் வழிந்துதான் செம்பரம்பாக்கம் நிரம்பும். அங்கே திறந்த தண்ணீர் மேட்டில் ஏறி, மதகுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, வரதராஜனின் சோபாவைத் தேடி வந்ததாம். அதையும் நாலு பேர் தலையாட்டிக் கேட்டோம்.

மறு வருஷம் வர்தா புயல் வந்தது. புயலெல்லாம் கடலோரத்துக்காரனுக்குத்தான் என்று முந்தின நாள்கூடச் சொன்னவர். காற்று எங்கள் மனைப்பிரிவின் நுழைவாயில் வளைவைப் பிடுங்கி அடுத்த மனையில் படுக்க வைத்தது. "வளைவு கட்டினவன் சரியில்ல" என்று முடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு கோடையில் சித்தேரி பாளம் பாளமாக வெடித்தது. போர்வெல்லில் காற்றுதான் வந்தது. லாரித் தண்ணீருக்கு நாங்கள் குடத்தோடு வரிசையில் நிற்க, வரதராஜனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "குடிக்கவே தண்ணி இல்லாத ஊரு. இங்க வெள்ளம் வருமாம்!" அந்தத் தெம்பில் மிச்சமிருந்த கால்வாயை மண் கொட்டி மூடினார். அதன் குறுக்கே, தன் வீட்டுக்குப் பின்னால், ஆளுயரத்துக்கு மதில் எழுப்பினார். கேட்டதற்குப் பாம்பு வருகிறது என்றார்.

மிக்ஜாம் புயல் அந்த மதிலைத் தேடிக்கொண்டுதான் வந்தது போலிருக்கிறது. விடாமல் பெய்ததில் சித்தேரி வழிந்தது. தண்ணீர் தன் பழைய வழியில் வந்து, மதிலில் முட்டி நின்று, எங்கள் தெருவுக்குள் திரும்பியது. காலையில் முழங்கால், மதியம் இடுப்பு. மூன்றாம் வீட்டு மரகதம் செல்போன் உதிரிபாகக் கம்பெனியில் லைனில் நிற்பவள். அவள் கணவன் நடேசன் லாரியிலிருந்து விழுந்து கால் முறிந்து, மாவுக்கட்டோடு படுத்திருந்தான். அவன் கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்திவிட்டு, அவள் தண்ணீரில் நடந்து வரதராஜன் வீட்டுக்குப் போனாள். நாங்களும் பின்னால் போனோம்.

அவர் படிக்கட்டின் உச்சியில், வேட்டியை மடித்துக் கட்டி நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணா, அந்தச் செவுத்த மட்டும் ஒட்ச்சி வுடுங்கண்ணா. தண்ணி போய்டும். எங்கூட்டுக்காரர தூக்கக்கூட முடியல."

"செவுத்துக்கும் தண்ணிக்கும் இன்னாம்மா சம்பந்தம்? இது மேலேர்ந்து பேயுது."

"மேலேர்ந்து பேஞ்சது கீழ போக வழி கீதா?"

"சாயங்காலம் வடிஞ்சிடும். என் சொத்த ஒடைக்கச் சொல்ல நீ யாரு?"

அவருக்குப் பின்னால் ஏலவார்குழலி நின்றிருந்தார். அத்தனை வருஷத்தில் அந்த அம்மாள் எங்கள் எதிரில் கணவரை மறுத்துப் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரைத் தாண்டி இறங்கினார், தண்ணீருக்குள். சாலையில் மரம் அகற்ற வந்திருந்த ஜேசிபியை நோக்கி நடந்தார்.

"ஏய், எங்க போற?" என்றார் வரதராஜன்.

ஜேசிபி ஓட்டுநர் கோபால் தயங்கினான். "யார் செவுருமா இது? நாளைக்கு பிரச்சனை ஆய்டும்."

"என் வூட்டுச் செவுரு. நான் சொல்றேன், இடி."

வண்டி சேற்றில் உறுமிக்கொண்டு வந்தது. வரதராஜன் படியிலிருந்து கத்தினார். மழையில் பாதி கேட்கவில்லை, மீதி கேட்கத் தக்கதில்லை. இரண்டு இடியில் மதில் சாய்ந்தது. அவ்வளவு பேச்சுக்கு உள்ளே ஒரு நல்ல கம்பிகூட இல்லை. தண்ணீர் இரைச்சலோடு அந்த வழியில் பாய்ந்தது. பொழுது சாய்வதற்குள் தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. நடேசனைக் கட்டிலோடு தூக்கி மேட்டில் இருந்த ரேஷன் கடையில் சேர்த்தோம். மரகதம் ஏலவார்குழலியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அழாத, போய் அவர்க்கு கஞ்சி வை" என்றார் அந்த அம்மாள்.

இரண்டு நாள் கழித்து கேமராவோடு ஒரு தொலைக்காட்சிக்காரர் வந்தார். உடைந்த மதில் மேல் ஏறி நின்றார் வரதராஜன். "மக்கள் கஷ்டப்படறத பாத்துகினு இருக்க முடியல சார். சொந்தச் செவுரா இருந்தா இன்னா, நானே ஒட்ச்சி வுட்டேன்." அவர் கண் கலங்கியதும் பதிவானது. பார்த்துக்கொண்டிருந்த ஏலவார்குழலி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் அந்த வீட்டில் சமையல் நடந்தது. பேச்சு நடந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் மார்கழியில் மறுபடியும் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தது. மழை தொடங்கும் முன்பே வரதராஜன் காரில் பெட்டியை ஏற்றினார்.

"காஞ்சிபுரத்துல ஒரு கல்யாணம் சார். போவாம இருக்க முடியாது."

மார்கழியில் எந்த வீட்டில் கல்யாணம் என்று யாரும் கேட்கவில்லை. ஏலவார்குழலி போகவில்லை. மரகதத்தோடு சேர்ந்து தெருக்காரர்களின் அரிசி மூட்டைகளைத் தன் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். மழை பெய்தது, வந்த தண்ணீர் இடிந்த மதிலின் சந்து வழியே தன் பாட்டுக்குப் போய்விட்டது.

வெயில் வந்த பிறகு கார் திரும்பியது. வரதராஜன் கண்ணாடியை இறக்கினார்.

"இன்னா, தண்ணி வந்துச்சா?"

"வரலண்ணா," என்றாள் மரகதம்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, இது மேட்டுப் பூமின்னு" என்றார் வரதராஜன். காரை உள்ளே விட, உள்ளே பூட்டியிருந்த வெளிக்கதவை ஏலவார்குழலிதான் வந்து திறக்க வேண்டியிருந்தது. வெகுநேரம் அந்த அம்மாள் வரவில்லை.