லிஃப்ட்மேன் இருந்தால் ஏறக்கூடாது

தாராவியில் எங்கள் தோல்பைப் பட்டறைக்கு மேலேயே பதினோரு வருடம் குடியிருந்துவிட்டு, நானும் என் மனைவியும் செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாவது மாடிக்கு வாடகைக்குப் போனோம். அதுவரை வீட்டுக்கு ஏற எங்களுக்கு ஓர் இரும்பு ஏணிதான். இங்கே லிஃப்ட். சாமான் இறக்கிய அன்றே, அதன் கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கிய இங்கிலீஷ் பலகையை அவள் பார்த்துவிட்டாள்.

“ஏங்க, அதுல என்ன போட்டிருக்கு?”

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான். அதாவது, எனக்கு எவ்வளவு தெரியாது என்பது அவளுக்குத் தெரியாது. ‘டு நாட் யூஸ் த லிஃப்ட் அன்லெஸ் த லிஃப்ட்மேன் இஸ் ப்ரெசென்ட்’ என்று எழுதியிருந்தது. உபயோகிக்காதே என்பது புரிந்தது. லிஃப்ட்மேன் இருக்கிறார் என்பதும் புரிந்தது. நடுவில் ஒரு சொல்தான் புரியவில்லை. ஒன்றுதானே என்று தாண்டிவிட்டேன்.

“லிஃப்ட்மேன் இருந்தா லிஃப்ட்ல ஏறக்கூடாதாம்.”

“அப்ப அந்த மனுசன் எதுக்கு ஸ்டூல் போட்டு உக்காந்திருக்காரு?”

“நாம ஏறிரக் கூடாதுன்னு காவலுக்கு இருக்காரு, புள்ள.”

சொல்லி முடித்தபோது எனக்கே அது நியாயமாகப் பட்டது. வாடகைக்காரர்களுக்கு என்று ஏதாவது சட்டம் இருக்கும்.

லிஃப்ட்மேன் ஒரு மராட்டியப் பெரியவர். எங்களைக் கண்டதும் எழுந்து கம்பிக் கதவைத் திறந்து “ஆயியே” என்று கூப்பிடுவார். எங்களைச் சோதித்துப் பார்க்கிறார் என்று நான் மனைவியிடம் சொன்னேன். இருவரும் “நை நை” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் படியேறுவோம். அவர் காலை பதினொரு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் டீ குடிக்க வெளியே போவார். அவள் அந்த நேரம் பார்த்துக் கடைக்குப் போய்வரப் பழகிக்கொண்டாள். சில நாள் அரிசிப் பையோடு மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்னால் குனிந்து நின்று, அவர் கேட்டைத் தாண்டியதும் ஓடிப்போய் ஏறுவாள். இப்படி ஒன்றரை மாதம்.

அந்த நாட்களில் நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்காவுக்கு இங்கிலீஷ் படிக்கப் போய்க்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக்குப் பை அனுப்பும் ஆசைதான். வகுப்பு எடுத்தது ஒரு பாங்கு உத்தியோகக்காரப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘Adverbial Clause’ என்று பலகையில் எழுதினார்.

“பயப்படாதீங்கோ. எப்போ, ஏன், எந்த நிபந்தனைல ஒரு காரியம் நடக்கறதுன்னு சொல்ற வாக்கியத் துண்டு, அவ்வளவுதான். தமிழ்ல ‘பெய்தால், பெய்தாலும், பெய்யாவிட்டால்’னு வினையோட வால்ல ஒட்டிண்டு வரும். இங்கிலீஷ்ல அதுவே தனி வார்த்தையா முன்னாடி வந்து நிக்கும். இஃப், ஆல்தோ, அன்லெஸ்.”

அன்லெஸ் என்றதும் எனக்கு முட்டி வலித்தது. கையைத் தூக்கினேன். “மேடம், என் சிநேகிதன் வீட்டு லிஃப்ட்ல ஒரு போர்டு...” என்று வாக்கியத்தை முழுதாகச் சொன்னேன்.

“லிஃப்ட்மேன் இல்லாம ஏறாதேன்னு அர்த்தம். இதை வேற மாதிரி யாராவது புரிஞ்சுப்பாளா என்ன?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக.

நான் வீடு திரும்பும்போது என் மனைவி மூன்றாம் மாடிப் படியில் ஒரு தர்ப்பூசணியை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“சட்டத்த மாத்திட்டாவ, புள்ள. இனிமே லிஃப்ட்மேன் இருந்தாலும் ஏறலாம்.”

“போர்டு அப்படியேதான தொங்குது?”

“புது போர்டு எழுதக் குடுத்திருக்காவ.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “அந்த மனுசன் இன்னைக்கு என்கிட்ட இந்தியில என்ன கேட்டாருன்னு தெரியுமா? ‘பாபி, என் மேல வாடை அடிக்குதா’ன்னு கேட்டாரு. நமக்காவ சட்டையத் தொவச்சுப் போட்டாராம். அத்தர் பூசிப் பாத்தாராம். அப்பவும் நாம ஏறலன்னு கண்ணு கலங்கிட்டாரு” என்றாள்.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. தர்ப்பூசணியை நான் வாங்கிக்கொண்டு, அன்லெஸ்ஸை அவளுக்கு விளக்கினேன்.

“யா அல்லா” என்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. வீட்டுக்குள் போய், இதுவரை நான் இங்கிலீஷில் படித்துச் சொன்ன ஒவ்வொன்றையும் தரையில் கொண்டுவந்து பரப்பினாள். மாத்திரை அட்டை, வாஷிங் மெஷின் புத்தகம், சோப்புத் தூள், முட்டிவலித் தைலம்.

“திரும்பப் படிங்க. இது முட்டிக்குத்தானா?”

தைலம் முட்டிக்குத்தான். தரை துடைக்க என்று நான் வாங்கிக் கொடுத்திருந்த நீலத் திரவம்தான் கண்ணாடி துடைப்பது என்று தெரிந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, “வாங்க” என்று என்னைக் கீழே இழுத்துப் போனாள்.

லிஃப்ட்மேனிடம் நானே சொன்னேன். அரைகுறை இந்தியில் விஷயம் அவருக்குச் சென்றுசேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சேர்ந்ததும் எங்களை உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்தினார். சிரிக்கத் தொடங்கினார். இரண்டாம் மாடியில் தொப்பியைக் கழற்றினார், நாலாம் மாடியில் கண்ணைத் துடைத்தார், ஐந்தாம் மாடியைத் தவறவிட்டார். ஏழாம் மாடியில் ஒரு அம்மாள் வாளியோடு நின்றிருந்தார். என்ன சிரிப்பு என்று அவர் கேட்க, லிஃப்ட்மேன் மராட்டியில் சொல்லிவிட்டார். மாலைக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துபோயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மாட்டுங்காவுக்குக் கிளம்பும்போது அவளும் ஒரு புது நோட்டோடு செருப்பை மாட்டிக்கொண்டாள்.