என் தாளில் அவன் பென்சில்

செம்பூரில் நான் வேலை பார்த்த பம்பு தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸில் பழைய ஆட்கள் ஐந்து பேர். ஐவரும் அடி, அங்குலத்தில் வரைந்து பழகியவர்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் எல்லாம் மில்லிமீட்டருக்கு மாற வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்களுக்குக் கற்றுத்தர, டிப்ளமா முடித்து வந்து ஒன்பது மாதமே ஆன ஒருவனைப் போட்டார்கள். அவனுக்கு இருபத்துமூன்று வயது. எனக்கு நாற்பத்தேழு.

தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் வகுப்பு. மூன்று மாத முடிவில் நாங்கள் ஒவ்வொருவரும் வரையும் போர்டில் நிற்கத் தகுதியா இல்லையா என்று அவன் எழுதித் தருவான். தகுதியில்லாதவர் கீழே பிரிண்ட் அறைக்குப் போக வேண்டும். சம்பளம் அதேதான். ஆனால் அங்கே வேலை, பிரதி எடுக்கும் இயந்திரத்தில் பிறர் வரைந்த தாளைச் செருகுவது. நாள் முழுக்க அமோனியா நெடி. அங்கே போன எவரும் மேலே திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. நான் இருபத்திரண்டு வருடம் போர்டில் நின்றவன்.

முதல் நாளே எங்கள் அடி ஸ்கேல்களை வாங்கித் தன் டிராயரில் வைத்துப் பூட்டினான்.

"மூணு மாசம் கழிச்சு வாங்கிக்கிடலாம். அதுக்குள்ள மறந்திரும்" என்றான்.

மறுநாள் நான் வீட்டிலிருந்து இன்னொரு ஸ்கேலை டிபன் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மாட்டுங்காவிலிருந்து குர்லா, குர்லாவில் வண்டி மாறிச் செம்பூர். வழி முழுக்க அது டப்பாவில் இடித்துச் சத்தம் செய்தது.

அவன் தாராவியில் பிறந்து வளர்ந்தவன். பெற்றோர் திருநெல்வேலிப் பக்கம். தமிழ் பேசுவான்; முனிசிபல் பள்ளியில் இந்தியில் படித்ததால் எழுத்து தெரியாது. என் மேஜையில் கிடந்த தமிழ் வாரப் பத்திரிகையைப் படம் மட்டும் பார்த்துப் புரட்டுவான். என்னைச் 'சார்வாள்' என்பான். அவன் ஊரில் அது மரியாதைச் சொல். அவன் வாயில் ஒருநாளும் அப்படி ஒலித்ததில்லை.

இரண்டாம் வாரம் எங்களை வரிசையாக நிற்கவைத்து, ஸ்கேல் இல்லாமல் முந்நூறு மில்லிமீட்டர் எவ்வளவு என்று கையை விரித்துக் காட்டச் சொன்னான். எங்களில் மூத்தவரான மராத்தியர் ஏறக்குறைய அரை மீட்டர் காட்டினார். எங்கள் பென்சில் தாள்களை மையில் நகலெடுக்கும் டிரேசர்கள் சிரித்தார்கள். நான் கவனமாகக் காட்டினேன். அவன் டேப்பை வைத்துப் பார்த்தான்.

"முந்நூத்தி அஞ்சு. நான் முந்நூறு கேட்டேன், நீங்க ஒரு அடி காட்டுதிய. கையிலகூட இஞ்சுதான் இருக்கு சார்வாள்."

"அஞ்சு மில்லிமீட்டர்ல என்னடா குடி முழுகிப்போறது?"

"போகும். இஞ்சுல நெனச்சு மாத்தாதிய. புது அட்டவணை இருக்கு, அதப் பாத்து எடுங்க. பதினாலு இஞ்சு இருந்த எடத்துல இப்ப முந்நூத்தம்பதுதான். பெருக்கினா அது வராது."

இதை எல்லோர் முன்னாலும் சொன்னான். நான் கேட்டுக்கொள்ளவில்லை. பெருக்கலில் நான் தவறு செய்வதில்லை. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். தெரிந்த அளவைப் பெருக்கினால் விடை சரியாக வரத்தானே வேண்டும்?

நான் தினமும் டைரி எழுதுபவன். ஆபீஸ் விடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு, போர்டின் மீதே வைத்து எழுதிவிடுவேன். அந்த மாதங்களில் கடைசிப் பக்கங்களை அவனுக்கென்று ஒதுக்கினேன். தாமதமாக வந்த நாட்கள், என் ஸ்டூலில் கால் வைத்தது, வகுப்பில் வாழைப்பழம் தின்றது. என்றைக்காவது பயன்படும் என்று எழுதிவைத்தேன்.

என் தாளில் பிறர் பென்சில் படுவது எனக்குப் பிடிக்காது. டிரேசிங்குக்குக் கொடுக்கும் முன் ரப்பரால் தாளைத் துடைத்து, ஒரு தூசி இல்லாமல்தான் அனுப்புவேன். அவனோ எங்கள் தாள்களில் குறி போட்டுக்கொண்டே போவான்.

"என் தாள்ல கை வைக்காதே. சொல்லணும்னா வாயால சொல்லு" என்றேன் ஒருநாள்.

"வாயால சொன்னா எங்க கேக்கிய?"

மூன்றாம் மாதம் ஒரு பெரிய பம்பின் உறையை வரையும் வேலை எனக்கு வந்தது. இன்னொரு கம்பெனியிலிருந்து வரும் குழாயோடு அது போல்ட்டால் இணைய வேண்டும். போல்ட் துளைகள் அமையும் வட்டம் எங்கள் பழைய பம்புகளில் பதினான்கு அங்குலம். பெருக்கினேன். 355.6 என்று எழுதினேன். முடித்த அன்று அந்த எண்ணுக்குப் பக்கத்தில், மங்கலாக, ஒரு கேள்விக்குறி இருந்தது. யார் கை என்று தெரியும். அழித்துவிட்டுத் தாளை அனுப்பினேன்.

உறை வார்ப்பாகி வந்தது. குழாயும் வந்தது. குழாய்க்காரர்கள் புது அட்டவணைப்படி 350 வைத்திருந்தார்கள். ஷெட்டில் ஃபோர்மன் போல்ட்டைத் துளைக்குத் துளை வைத்துப் பார்த்தான். ஒன்றுகூட இறங்கவில்லை.

"கிஸ்கா டிராயிங் ஹை?" யார் வரைந்தது என்று கேட்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

டிராயிங் ஆபீஸின் சீஃப் என்னையும் வகுப்பெடுத்தவனையும் கூப்பிட்டார். அவர் பார்ஸிக்காரர், கத்தாதவர். நான் டைரியோடு போனேன். எனக்கு யாரும் எச்சரிக்கை செய்யவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லி, அவன் குற்றங்களின் பட்டியலை எடுத்தேன். சீஃப் கையைக் காட்டி நிறுத்தினார். பட்டியல் வேண்டாம், தாள் போன அன்று என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். டைரியை வாங்கி, தமிழன்தானே என்று அவனிடம் நீட்டினார்.

அவன் பக்கத்தைச் சிறிது நேரம் பார்த்தான். காது சிவந்துவிட்டது. என்னிடம் திருப்பிக் கொடுத்தான்.

"எனக்குப் படிக்க வராது. நீங்களே சொல்லுங்க சார்வாள்."

அந்த அறையில் அந்தப் பக்கத்தைப் படிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். ஒரு வரியை விட்டிருந்தால் எவருக்கும் தெரிந்திருக்காது. நான் முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னேன்: "காலையில் மழை. குர்லாவில் வண்டி இருபது நிமிடம் தாமதம். உறை வரைபடம் முடிந்தது. 355.6க்கு அருகில் அந்தப் பயல் கேள்விக்குறி போட்டிருந்தான். அழித்தேன்."

பயல் என்பதையும் விடவில்லை. இதை நேர்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த டைரியில் நான் எதையும் மாற்றியதில்லை; அவனுக்காக மாற்றினேன் என்று இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சீஃப் அவன் பக்கம் திரும்பினார். நான் அழித்ததை அன்றே பார்த்ததாக அவன் சொன்னான். பிறகு என்னிடம் தமிழில், "திரும்பப் போட்டிருக்கணும். வேணும்னுதான் போடல. எத்தன தடவதான் போடுதது? இடிச்சாத்தான் தெரியும்னு விட்டேன்" என்றான். சீஃப் என்னவென்று கேட்டார். அதையும் நானே மொழிபெயர்த்தேன்.

அவன் வேலை நிரந்தரமாவதை ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள். அவன் எழுதிய அறிக்கையில் என் பெயருக்கு நேரே, 'தகுதி. கணக்கில் தவறில்லை, சொன்னால் கேட்பதில்லை' என்று இருந்தது. மூத்த மராத்தியர் கீழே போனார். நான் போர்டிலேயே இருந்தேன், ஒரு நிபந்தனையோடு: அவன் கையெழுத்து இல்லாமல் என் தாள் ஒன்றும் வெளியே போகக் கூடாது.

இரண்டு வருடம் அப்படியே நடந்தது. காலை வணக்கம்கூடக் கிடையாது. அவன் தாமதமாக வந்த நாட்களை நான் தொடர்ந்து குறித்தேன். அளவுகளைப் புது அட்டவணையிலிருந்து எடுத்தேன். டிபன் பை ஸ்கேல் வீட்டிலேயே தங்கிவிட்டது. அவன் என் தாளைத் தேடித் தேடிப் பார்ப்பான். குறி போட ஒன்றும் கிடைக்காமல் கையெழுத்திட்டு, என் பக்கம் பாராமல் தள்ளுவான். அந்த நாட்களில் எனக்கு மதியச் சாப்பாடு நன்றாகவே இறங்கியது.

பிறகு வேறு கம்பெனியில் வேலை கிடைத்துப் போனான். கடைசி நாள் என் தாளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு, சொல்லாமல் போய்விட்டான். 180 என்ற அளவுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அட்டவணையோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. மறுநாள் மீண்டும் பார்த்தேன். மாலையில் இன்னொரு முறை. தவறு ஏதுமில்லை. ரப்பர் கையருகிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் டிரேசர் தாளை வாங்க வந்தார். குறியைக் காட்டி, "சாப், இதையும் வரையணுமா?" என்று கேட்டார்.

நாளைக்கு வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு, அட்டவணையை நான்காம் முறை எடுத்தேன்.