வங்கிக்குப் போகாத தவணை

கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் ஊர். எங்கள் பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்துதான். கல்யாணம், காதுகுத்து என்று எந்தக் காரணமும் வேண்டாம். பணம் தேவைப்படும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து கறிச்சோறு போடும். சாப்பிட வருகிறவர்கள் மொய் எழுதுவார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் ஒரு வீட்டுக்கு முறை வரும். கொடுத்தவர் விருந்து வைக்கும் நாளில், வாங்கியவர் மொத்தத்தையும் மேலே கொஞ்சம் வைத்துத் திருப்பிவிட வேண்டும். இடையில் யாரும் வாய் திறந்து கேட்கமாட்டார்கள்.

நான் இன்ஜினியரிங் சேர்ந்தபோது முதல் பட்டதாரி சலுகையில் கல்விக் கட்டணம் கழிந்துபோனது. விடுதிக்கும் மற்ற செலவுக்கும் கல்விக் கடன் எடுத்தோம். அப்பாவும் என்னோடு கையெழுத்துப் போட்டார். படிப்பு முடிந்து ஒரு வருடம்வரை தவணை கிடையாது, வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும், அதன்பிறகு மாதாமாதம் கட்ட வேண்டும் என்று மேனேஜர் பொறுமையாகத்தான் விளக்கினார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஓசூரில் வேலை கிடைத்ததும் தவணைப் பணத்தை மாதந்தோறும் அப்பாவுக்கு அனுப்பினேன். மகள் சம்பாத்தியத்தைத் தன் கையால் வங்கியில் கட்டுவது அவருக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். என் பழைய சிம் தொலைந்துபோனதால் வங்கி அனுப்பிய எந்தக் குறுஞ்செய்தியும் எனக்கு வரவில்லை. போனில் கேட்டால், "பத்திரமா இருக்குத்தா" என்பார். கட்டிவிட்டார் என்றே எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. தங்கைக்குத் திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் நர்சிங் இடம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவள் கேட்ட ஒரே படிப்பு அது. முதல் பட்டதாரி சலுகை வீட்டில் ஒருவருக்குத்தான், அதை நான் வாங்கித் தீர்த்துவிட்டேன். அவளுக்கு மிச்சம் இருந்த வழி கடன் மட்டுமே. புதிதாக வந்திருந்த மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, மூத்த பெண்ணின் கடனில் ஒரு தவணைகூட வரவில்லை, அப்பாவும் அதில் கடன்தாரர், அவரை வைத்து இன்னொரு கடன் தர முடியாது என்று சொல்லிவிட்டார்.

தங்கை போனில் சொன்னதும் அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். அப்பாவை வாய்க்கு வந்தபடி கேட்டேன். நான் அனுப்பியதை என்ன செய்தீர்கள், யாருக்குத் தூக்கிக் கொடுத்தீர்கள் என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. எல்லாம் ஊரில்தான் இருக்கிறது என்றார். கடந்த இரண்டு ஆடியிலும் நடந்த விருந்துகளில் அதையெல்லாம் மொய்யாக எழுதியிருந்தார். அடுத்த வருடம் நம் முறை, எல்லாம் கூடி வரும், அப்போது வங்கிக்கு மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

"ஒருத்தரு நம்பிக் குடுத்ததத் துளித்துளியாத் திருப்பிக் குடுத்தா அது மரியாதையாத்தா? அவுங்களுக்கு வேணுங்கும்போது மொத்தமாக் குடுக்கணும்."

அதில் ஒரு பைசாகூட அவர் தனக்கென்று எடுக்கவில்லை. அது தெரிந்தபிறகு எனக்குத் திட்டவும் வரவில்லை, அழவும் வரவில்லை.

அந்த ஆடியில் விருந்து வைக்க இருந்த ஒருவர் வீட்டுக்கு நடையாய் நடந்து, முறையை மாற்றி வாங்கினார் அப்பா. கறிக்கும் பந்தலுக்கும் என் சம்பளம் போனது. ஊர் அவரைக் கைவிடவில்லை. அவர் எழுதிய ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மேலே வைத்துத்தான் வந்தது. புதிதாக மொய் எழுதியவர்களும் இருந்தார்கள். கடனுக்கும் வட்டிக்கும் போதுமான பணம் சேர்ந்தது.

மறுநாள் அப்பா, தங்கை, நான் மூன்று பேரும் வங்கிக்குப் போனோம். சொன்ன தொகையைக் கட்டிவிட்டு, மேலே ஒரு ஐநூறு ரூபாயையும் அப்பா கவுண்ட்டருக்குள் தள்ளினார். கேஷியர் அதைத் திருப்பித் தள்ளினார். அப்பா மறுபடியும் தள்ளினார். அதிகம் வாங்கக்கூடாது என்று கேஷியர் எரிச்சலோடு சொன்னபோது, அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. நான்தான் நோட்டை எடுத்து அவர் சட்டைப்பையில் வைத்தேன்.

மேனேஜர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். கடன் முடிந்துவிட்டது, சந்தோஷம் என்றார். ஆனால் தவறிய தவணைகள் அப்பாவின் பெயரிலும் என் பெயரிலும் பதிவாகியிருக்கின்றன, அது சரியாவதற்கு மாதக்கணக்காகும், அதுவரை புதுக் கடனுக்கு மேலிடம் ஒத்துக்கொள்ளாது என்றார். கல்லூரியில் பணம் கட்ட அந்த வாரம்தான் கடைசி.

"எங்க ஊருல வாங்குனதத் திருப்பிக் குடுத்துட்டா, மறுநாளே நம்பிக் குடுப்பாங்க சார்" என்றார் அப்பா.

மேனேஜர் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். வேறு என்ன செய்வார், பாவம்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா நடுவில் உட்கார்ந்திருந்தார். பஸ் ஆதனக்கோட்டையைத் தாண்டியது. சட்டைப்பையிலிருந்த அந்த ஐநூறு ரூபாயை அவர் எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்ததைத் தங்கையும் பார்த்திருக்க வேண்டும். ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"எனக்கு அந்தப் படிப்பே வேணாம்ப்பா. ஊசியப் பாத்தாலே எனக்குப் பயம். டவுன்லயே பி.காம். சேந்துக்கிறேன்."

"சரித்தா" என்றார் அப்பா.

அப்பாவுக்குச் சர்க்கரை. தினமும் காலையில் அவருக்கு இன்சுலின் ஊசி போடுவது அவள்தான். மறுநாளும் போட்டாள். அவர் சட்டையைத் தூக்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.