பெரியவரின் கனைப்பு

தலை நரைத்தும் அந்த வானொலி நிலையத்தில் அவர் 'சின்ன முதலாளி'தான். அப்பா செத்து வருஷங்கள் ஆகியும், காலை வணக்கம் என்னவோ அப்பாவின் பழைய ஒலிப்பதிவில்தான் போய்க்கொண்டிருந்தது. வணக்கத்துக்கு முன்னால் பெரியவர் இரண்டு முறை கனைப்பார். நேயர்களுக்கு அதைக் கேட்டால்தான் விடியும்.

"செத்தவர் இன்னும் எத்தனை நாளைக்கு ஊரை எழுப்புவாரு?" என்று எரிந்து விழுந்து, சின்ன முதலாளி வணக்கத்தைத் தானே பேசிப் பதிவு செய்தார். கனைக்கவே இல்லை. பழைய பதிவையும் தன் கையாலேயே அழித்தார்.

மறுநாள் காலை ஒலிபரப்பானதும் மனைவி போனில் கூப்பிட்டாள். "நானே பேசப் போறேன்னு தம்பட்டம் அடிச்சீங்க! மாமாவோடதையே போட்டிருக்கீங்களே? அதே கனைப்பு!"

சின்ன முதலாளி "அது நான்தான்" என்று சொல்ல வாயெடுத்தார்.

முதலில் தொண்டை இரண்டு முறை கனைத்தது.